மாத்தளைக்கு வந்த பணவீக்கம்: வெளியிலிருந்து எவ்வளவு, உள்ளிருந்து எவ்வளவு?

2022இல் பெரும் பொருளாதாரங்களின் பணவீக்கம் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து உச்சம் தொட்டது. அமெரிக்காவில் ஜூனில் 9.1 சதவீதம், யூரோ வலயத்தில் ஒக்டோபரில் 10.6, பிரித்தானியாவில் அதே மாதம் 11.1. எண்ணெய், தானியம், கப்பற்கூலி என்று எல்லோருக்கும் பொதுவான வழிகளில் அது பரவியது. இலங்கையிலோ கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் செப்டெம்பரில் 69.8 சதவீதம் காட்டியது. இவ்வளவும் உலகச் சந்தை அனுப்பியதுதான் என்பது அப்போது வசதியான விளக்கமாக இருந்தது.

மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறியின் டீசலைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 460. இதே இடைவெளியில் பிரெண்ட் எண்ணெய் 75 டொலர் அளவிலிருந்து 120 அளவுக்கு ஏறியது, அதாவது 1.6 மடங்கு. டொலரோ ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ஆனது, 1.8 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 121 ரூபா டீசல் 350 அளவில் நின்றிருக்க வேண்டும். மீதி 110 ரூபாவில் ஒரு பகுதி உலகச் சுத்திகரிப்பு இலாபம்; மறு பகுதி, அடக்கவிலைக்குக் கீழே நெடுநாள் விற்றதன் பாக்கி. எண்ணெய் மட்டும் ஏறியிருந்தால் விலை 200 ரூபாவையே எட்டியிருக்காது.

ரூபாவின் சரிவுக்கும் அமெரிக்க வட்டியைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. பெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கியது 2022 மார்ச் நடுப்பகுதியில். இலங்கை மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்தியதோ மார்ச் 7ஆம் திகதி, கையிருப்பைக் கரைத்து 200 ரூபா அளவில் பல மாதம் பிடித்து வைத்த பிறகு. 2019 டிசம்பரின் வரிக்குறைப்பும் அதையடுத்த பணம் அச்சிடலும் உள்நாட்டு முடிவுகள். 2021இன் இரசாயன உரத் தடையை வெளிநாட்டின் தலையில் கட்ட யாரும் துணியமாட்டார்கள்.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் இந்த அதிர்ச்சி ஒரேமாதிரி இறங்கவில்லை. மாத்தளையின் மிளகு ஏற்றுமதிப் பயிர். டொலர் விலை அசையாவிட்டாலும் ரூபா சரிந்தால் கொடிக்காரருக்குக் கையில் கூடுதல் ரூபா வரும். உரமும் கூலியும் அதில் ஒரு பங்கைத் தின்னும், அவ்வளவுதான். றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன்களில் கதை வேறு. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்த 1,000 ரூபா நாட்சம்பளம் அப்போது ஐந்து டொலர். 2022 மே மாதத்தில் அது மூன்று டொலர்கூட இல்லை. காலை ரொட்டிக்கான கோதுமை மாவோ முழுக்க முழுக்க இறக்குமதித் தானியத்தில் அரைத்தது. மிளகும் தேயிலையும் ஒரே துறைமுகத்தால் டொலருக்குப் போகின்றன. தேயிலையில் கிடைத்த கூடுதல் ரூபா கொழுந்து பறித்தவரின் சம்பளத்தை எட்டவில்லை.

2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியதும் நெருக்கடி தீர்ந்ததாகப் பேசப்பட்டது. ஏறிய விலைகளில் பெரும்பாலானவை ஏறிய இடத்திலேயே இருந்தன; நின்றுபோனது மேலும் ஏறுவதுதான். தோட்டச் சம்பளம் 1,350 ரூபா ஆக 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.