மழைப் பந்தயமும் ஓட்டுநர் திறனும்

ஃபார்முலா 1 கார்ப் பந்தய வரலாற்றில், ஓட்டுநரின் தனித்திறனை எடைபோட மழைநாள் பந்தயங்களே சிறந்த சான்று எனக் கருதப்படுவதற்குக் காரணம், ஈரத்தளத்தில் டயரின் பிடிமானம் குறைவதால் எஞ்சின் வலிமையின் சாதகம் பெரிதும் மங்கிவிடுவதாகும். டயருக்கும் தளத்துக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து கார் கட்டுப்பாட்டை இழக்கும் நீர்வழுக்கலும், முன்செல்லும் கார்கள் எழுப்பும் நீர்த்திவலையால் பார்வை மறைவதும் இப்பந்தயங்களுக்கே உரிய இடர்களாகும்.

1968-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், மூடுபனியும் மழையும் சூழ்ந்த சுமார் 23 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில், மணிக்கட்டுக் காயத்துடன் ஓட்டிய ஜாக்கி ஸ்டீவர்ட் நான்கு நிமிடங்களுக்கும் மேலான இடைவெளியில் வென்றார். எனினும் அவரது டன்லப் மழை டயர்களுக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு. 1984 மொனாக்கோ பந்தயத்தில், டோல்மன் என்ற சிறிய அணியின் காரில் 13-ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட அயர்ட்டன் சென்னா, முதலிடத்திலிருந்த அலைன் பிராஸ்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, மழை காரணமாகப் பந்தயம் 31 சுற்றுகளுடன் நிறுத்தப்பட்டது. அதே பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து தொடங்கிய ஸ்டெஃபான் பெல்லாஃப், டர்போ இல்லாத டிரெல் காரில் மூன்றாவதாக வந்தபோதிலும், அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் அம்முடிவு பின்னர் செல்லாததாயிற்று. 1993-இல் இங்கிலாந்தின் டானிங்டனில் நான்காம் இடத்தில் தொடங்கிய சென்னா, ஐந்தாம் இடத்துக்குப் பின்தங்கியும் முதல் சுற்று முடிவதற்குள் முன்னிலை பெற்று, டேமன் ஹில் தவிர அனைவரையும் ஒரு சுற்றேனும் பின்தள்ளி வென்றார்.

ஆகவே வெற்றி வித்தியாசத்தை மட்டும் கருத்தில் கொள்ளாது, புறப்பட்ட இடம், காரின் தரம், டயர்த் தேர்வு ஆகியவற்றையும் சேர்த்து எடைபோடுவதே முறையான மதிப்பீடாகும். அவ்வளவுகோலின்படி, சென்னா வெற்றி பெறாத மொனாக்கோ ஓட்டமும் முன்வரிசையில் வைக்கத்தக்கதே.