நெல்மணியில் குடியேறிய நஞ்சு

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் பேசியது)



புழு விழுந்த பயிர் கண்ணுக்குத் தெரியும். நோய் கண்ட இலை நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். ஆனால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத நெல்லிலே நஞ்சு இருந்தால் என்ன செய்வது? ஜப்பான் நாட்டிலே, நம்மைப்போல நெல்லையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த நாட்டின் டோயாமா பகுதியில் ஜின்சு என்று ஒரு ஆறு. குடிக்கவும் அந்தத் தண்ணிதான், வயலுக்கும் அந்தத் தண்ணிதான். ஆற்றின் தலைப்பகுதியில், மலையிலே, கமியோகா சுரங்கம். மிட்சுயி நிறுவனத்துக்குச் சொந்தம். துத்தநாகமும் ஈயமும் வெட்டி எடுத்தார்கள். துத்தநாகக் கல் இருக்கிற இடத்தில் காட்மியம் என்கிற உலோகமும் கூடவே இருக்கும். சுரங்கக் கழிவோடு அது ஆற்றில் இறங்கியது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று வந்து, வண்டலோடு வண்டலாகப் படிந்தது. வேர் உறிஞ்சியது, மணியில் ஏறியது. இந்த நஞ்சு அரிசியைக் களைந்தாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது.

1910-ஆம் ஆண்டு வாக்கிலேயே நோய் தலைகாட்டிவிட்டது. பெரும்பாலும் பிள்ளை பெற்ற, நடுவயசு கடந்த பெண்களுக்கே வந்தது. முதலில் இடுப்பு வலி. பிறகு நடை தள்ளாடும். கடைசியில் இருமினாலே விலா எலும்பு முறியும். "இதாய், இதாய்" என்று அலறினார்கள். "வலிக்குதே, வலிக்குதே" என்று அர்த்தம். 1955-இல் பத்திரிகையில் வந்தபோது நோய்க்கு அதுவே பெயராகிவிட்டது.

உடம்பில் நடந்தது என்ன? காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. ஒருமுறை தங்கினால் பல ஆண்டுகளுக்கு வெளியேறாது. சிறுநீரகம் பழுதானால் எலும்புக்கு வேண்டிய சத்துகள் சிறுநீரோடு போய்விடும். எலும்பு மெதுவாகிவிடும். ஒரு வேளைச் சோற்றில் வந்த கேடு இல்லை இது. பல வருஷச் சோற்றில் சேர்ந்த கேடு.

அந்த ஊர் வைத்தியர் ஹகினோ நோபொரு. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். எல்லாம் ஜின்சு ஆற்றுப் பாசனத்துக்குள்ளேயே இருந்தன! சுரங்கக் கழிவே காரணம் என்று 1957-இல் சொன்னார், கேலி செய்தார்கள். ஊரிலும் சிலர் பயந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், நெல் விலை போகாது என்ற பயம். பிறகு, பயிர்ச் சேதத்தை ஆராய வந்த யோஷியோகா என்ற வேளாண்மை அறிஞரும் அவரும் சேர்ந்து, காட்மியம்தான் காரணம் என்று 1961-இல் அறிவித்தார்கள். அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது 1968 மே மாதத்தில்தான்.

அதே 1968-இல் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 1971-இல் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டிலும் 1972-இல் ஜெயித்தார்கள். அத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை. தங்கள் ஆட்களும் நிபுணர்களும் சுரங்க வளாகத்துக்குள்ளே போய்ச் சோதிக்கிற உரிமையை நிறுவனத்திடம் எழுதி வாங்கினார்கள். அதற்காகும் செலவும் நிறுவனத்துடையது. ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்கள். ஆற்றுத் தண்ணி தெளிந்ததற்கு அந்தக் காவலும் ஒரு காரணம்.

ஆனால் மண்? 1979-இல் தொடங்கிய மண் சீரமைப்பு 2012-இல்தான் முடிந்தது. கெட்ட மண்ணைக் கீழே புதைத்து, மேலே நல்ல மண் பரப்பினார்கள். சுமார் 860 ஹெக்டேர் நிலத்துக்கு 33 வருஷம்! கெடுப்பது சுலபம், மீட்பது எவ்வளவு பாடு பாருங்கள்.

இதிலே வயலுக்கான பாடம் ஒன்றும் உண்டு. வயலில் தண்ணி நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் மண்ணிலேயே கிடக்கும். வயல் காய்ந்தால் கரைந்து வேருக்குப் போகும். அதனால் காட்மியம் உள்ள நிலங்களில், கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் தண்ணி கட்டி வைக்கச் சொல்கிறார்கள் ஜப்பானில். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதும் உதவும். ஒரு எச்சரிக்கை: ஆர்சனிக் என்ற நஞ்சு உள்ள மண்ணுக்கு இது நேர்மாறு. தண்ணி நின்றால் நெல்லில் ஆர்சனிக் கூடும். ஆகவே மண்ணைச் சோதிக்காமல் வைத்தியம் செய்யக் கூடாது.

உங்கள் வாய்க்காலுக்கு மேலே ஆலையோ சுரங்கமோ இருந்தால், தண்ணியையும் மண்ணையும் கன உலோகங்களுக்கென்று கேட்டுச் சோதியுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் இது தெரியாது. பழைய பேட்டரி, ஆலைக் கசடு எதையும் குப்பைக்குழியில் போடாதீர்கள். குழியில் போட்டது உரமாகி வயலுக்கு வரும். வயலுக்கு வந்தது வட்டிலுக்கும் வரும்.