நஞ்சிலிருந்து நீருக்கு: நைட்ரைல் வரலாறு

மருத்துவர் இன்று அணியும் நீலக் கையுறை பெரும்பாலும் பால்மரம் தந்ததன்று. அது நைட்ரைல் இரப்பர். 1930-களில் ஜெர்மனியில் தோன்றிய இச்செயற்கை இரப்பர், இன்று மலேசியத் தொழிற்சாலைகளிற் பெருவாரியாகக் கையுறையாகின்றது. பால்மரம் சீவி வாழ்ந்த மக்கள் இப்புதிய இரப்பரின் பிறப்பை அறிதல் தகும்.

நைட்ரைல் என்பது யாது? ஒரு கரியணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று கட்டுகளாற் பிணைந்த கூட்டத்தைத் தாங்கும் கரிமப் பொருள் அது. மருந்து, சாயம், செயற்கை நூல் யாவும் அதனை வேண்டி நிற்கின்றன.

இக்கூட்டத்தை முதலில் உலகுக்குக் காட்டியது நஞ்சே. ஸ்வீடன் நாட்டு ஷீலே, 1782-இல் பிரஷ்ய நீலம் என்னும் சாயத்திலிருந்து ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்தார். 1844-இல் பெஹ்லிங் என்ற ஜெர்மானியர் பென்சோநைட்ரைலை ஆக்கினார். 1884-இல் ஸுரிச் நகரில் ஸாண்ட்மேயர் தாமிர சயனைடைக் கொண்டு நைட்ரைல் செய்யும் வழி கண்டார். வழி பயன்பட்டது, ஆயின் சயனைடு தொழிலாளியின் பக்கத்திலேயே இருந்தது, தாமிரமோ கழிவாய்த் தேங்கிற்று.

இரப்பருக்கு வேண்டிய அக்ரிலோநைட்ரைலும் முன்னர் ஹைட்ரஜன் சயனைடைக் கொண்டே செய்யப்பட்டது. 1957-இல் அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டாண்டர்ட் எண்ணெய்க் கம்பெனியில் ஜேம்ஸ் ஐடால் வேறு வழி கண்டார். புரோப்பிலீன், அம்மோனியா, காற்று ஆகிய மூன்றையும் பிஸ்மத்தும் மாலிப்டினமும் கலந்த ஊக்கியின்மேற் செலுத்தினார். 1960-இல் லைமா நகரில் ஆலை எழுந்தது. பெண்ணையும் பிள்ளையையும் இணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்லும் தரகரைப் போன்றது ஊக்கி. வினையை முடித்துத் தான் அழியாது நிற்கும். எனினும் இம்முறையிலும் ஹைட்ரஜன் சயனைடு பக்கப்பொருளாய்ப் பிறக்கின்றது. புரோப்பிலீனுக்கோ எண்ணெய்க் கிணறுகளே பெரும்பாலும் மூலம்.

ஆகவே ஆராய்ச்சி நிற்கவில்லை. 2009-இல் டோக்கியோவில் மிஸுனோ குழுவினர், அலுமினா மீது படிந்த ருத்தீனியத்தைக் கொண்டு ஆல்கஹாலையும் அம்மோனியாவையும் நேரே நைட்ரைலாக்கினர். ருத்தீனியம் விலைமிக்க உலோகம். 2014-இல் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் ஜகதீஷும் பெல்லரும் மலிவான கோபால்ட் ஆக்ஸைடைக் கரியின் மீது பதித்து அதே பயனைப் பெற்றனர். இவ்வூக்கி திண்மமாதலின் வடிகட்டி எடுத்துப் பன்முறை பயன்படுத்தலாம். கணக்கைப் பாருங்கள்: ஓர் ஆல்கஹால் மூலக்கூறு, ஓர் அம்மோனியா, ஒரு பிராணவாயு, கிடைப்பது ஒரு நைட்ரைலும் மூன்று நீர் மூலக்கூறுகளும். சயனைடுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆய்வுச்சாலைக் குப்பி வேறு, ஆலைக் கொப்பரை வேறு. பல முறை உழைத்தபின் ஊக்கி சோர்வடையுமா, உலோகம் கரைந்து பண்டத்திற் கலக்குமா என்பவற்றை ஒவ்வோர் ஆலையும் சோதித்தே தீரவேண்டும். பண்டம் மலிவாயிருந்தாற் போதும் என்று கருதிய காலத்தில் நஞ்சின் விலையைத் தொழிலாளியும் ஆற்றுநீரும் செலுத்தின. அவ்விலையையும் கணக்கிற் சேர்க்கும் விஞ்ஞானமே மக்களுக்குரிய விஞ்ஞானமாகும்.