மாம்பலம் ஏரியின் மூச்சு

சென்னை பாண்டி பஜார் நெரிசலில் மூச்சு முட்டுகிறவர்கள் நிற்பது ஓர் ஏரியின் மடியில். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த அதை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றார்கள். படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1923-க்கும் 1925-க்கும் இடையில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, அந்தக் குடியிருப்புக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு. பார்க்கத்தான் ஏரி இல்லை.

இப்படித் தூர்ந்துபோகாமல் மிஞ்சிய நம் ஊர் மானாவாரி ஏரிகள் ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் சேறாகும். சூடான கலங்கல் நீரில் பிராணவாயு குறைவு. செவுளை மட்டுமே நம்பும் கெண்டைகள் அப்போது முதலில் செத்து மிதக்கும். தவளைக்கு அந்தக் கவலை இல்லை: ஈரத்தோலே பாதி மூச்சு வேலையைப் பார்க்கும், மீதியைத் தொண்டையால் காற்றை அமுக்கி நுரையீரலுக்குள் தள்ளும். கரையில் நிற்கும் கொக்கின் ஏற்பாடு இன்னும் நேர்த்தி. காற்றுப்பைகளின் உதவியால் அதன் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். நம்முடையதுபோல் போன வழியே திரும்பாது.

ஆனால் ஏரியின் உண்மையான கெட்டிக்காரர்கள், மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் மீன்களான விரால், தேளி, பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலே விராலுக்கு ஒரு காற்றறை. பனையேறிக்கு மடிப்பு மடிப்பான உறுப்பு. தேளிக்கோ முதுகோரமாக வால் பக்கம் ஓடும் இரண்டு நீண்ட பைகள்.

பனையேறியை உலகுக்குச் சொன்னது தரங்கம்பாடி. 1791 நவம்பரில் டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளத்தங்கரைப் பனையில் ஐந்தடி உயரத்தில் அந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயச் சங்கம் அதை அச்சிட்டது. பருந்தோ காகமோ கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் ஈரத்தரையில் அது செவுள் மூடியை ஊன்றி நகர்வது உண்மை.

மதராஸ் ராணுவ மருத்துவராக வந்து மீன் ஆய்வாளராக மாறிய பிரான்சிஸ் டே, இத்தகைய மீன்களின் சுவாசத்தை ஆராய்ந்து எழுதியவர். 'இந்திய மீன்கள்' என்ற அவருடைய பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

இந்த மீன்கள் காற்றை நம்பி வாழும் சங்கதி மீன் வியாபாரிகளுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். உயிர் விராலை அகலப் பாத்திரத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வைப்பார்கள். மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் நீருக்குள்ளேயே அடைத்துவைத்தால், மீனாகப் பிறந்தும் அது மூச்சுத்திணறிச் செத்துப்போகும்.