கொக்கோவும் மனச்சான்றும்

வாணிகம் செய்வார்க்குரிய நெறியை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலைப் புலவரும் அவர்தம் செல்வத்தோடு நடுநிலை நெஞ்சத்தையும் சேர்த்தே போற்றினார். பொருளீட்டும் தொழிலை அறத்தினின்றும் பிரித்துக் காணாதது தமிழ் மரபு. வேறு நாட்டில், வேறு சமயத்தில் இதே கேள்வியோடு வாழ்ந்த ஒரு வணிகக் குடும்பத்தின் வரலாற்றை நாமும் நம் மாணவரும் அறிந்துகொள்வது நன்று.

தொழிலில் வெற்றி காண விழைவோர் ஒருமுகப்பட்ட உள்ளம் உடையவராதல் வேண்டும் என்பர். அது முற்றும் உண்மையே. ஆயினும், அவ்வுள்ளம் எதன்மேல் நிற்க வேண்டும், எவ்வளவு தொலைவு நோக்க வேண்டும் என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கொக்கோத் தொழில் நடத்திய காட்பரி குடும்பத்தார் அவ்வினாக்களுக்குத் தம் வாழ்வாலேயே விடை தேட நேர்ந்தது.

காட்பரி குடும்பத்தார் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய அப்பிரிவினர் ஆணையிட்டுச் சத்தியம் செய்ய மாட்டார். போரில் ஈடுபட மாட்டார். எனவே அரசுப் பதவிகளும் படைத்துறையும் அவர்க்கு எட்டாதனவாயின. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இருந்த சமயத் தடையும் 1871ஆம் ஆண்டில்தான் பெரும்பாலும் நீங்கிற்று. இவ்வாறு பிற வாயில்கள் அடைபட்டபோது திறந்திருந்தது வாணிகம் ஒன்றே. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை சொல்லாமை, கடன் தவறாமை, சொல் மாறாமை ஆகியவை அவர்களுடைய சமய ஒழுக்கத்தின் பகுதிகளாயின. கடனை அடைக்காது நொடித்துப்போனவரைச் சபையினின்றே விலக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பிரிஸ்டலில் பிரை, யார்க்கில் ரவுண்ட்ரீ, பர்மிங்காமில் காட்பரி என இங்கிலாந்தின் பெருங்கொக்கோ நிறுவனங்கள் மூன்றும் குவேக்கர் குடும்பங்களின் கையில் இருந்தமை தற்செயல் அன்று.

1824ஆம் ஆண்டில் ஜான் காட்பரி என்பவர் பர்மிங்காமின் புல் தெருவில் ஒரு கடை திறந்தார். தேயிலை, காப்பி ஆகியவற்றோடு கொக்கோவும் அங்கு விற்கப்பட்டது. மதுவுக்கு மாற்றாக மக்கள் பருகத்தக்க பானங்கள் இவை என்பது அவர் எண்ணம். 1831இல் அவர் கொக்கோ உற்பத்தியில் இறங்கினார். தொழில் வளர்ந்தது. ஆனால் 1855இல் மனைவி மறைந்தபின் அவர் உடல்நலமும் தளர்ந்தது, தொழிலும் தளர்ந்தது. 1861இல் ரிச்சர்ட், ஜார்ஜ் என்னும் மைந்தர் இருவரும் பொறுப்பேற்றபோது அது மூழ்கும் மரக்கலம்போல் இருந்தது. அப்பொழுது மூத்தவர்க்கு அகவை இருபத்தைந்து; இளையவர்க்கு இருபத்தொன்று.

தாய்வழி வந்த நாலாயிரம் பவுன் ஒவ்வொருவரிடமும் இருந்தது. அதனை அவர்கள் தொழிலில் இட்டனர். முதல் ஆண்டுகளில் இழப்பே கண்டனர். முதல் முழுதும் கரையுமாயின் கடன்பட்டுத் தொடர்வதில்லை என்றும், அவ்வாறு நேர்ந்தால் ஒருவர் நில அளவைத் தொழிலுக்கும் மற்றவர் இமயமலைப் பகுதியில் தேயிலை பயிரிடவும் செல்வது என்றும் எண்ணியிருந்தனராம். விடியற்காலையில் வேலைக்கு வருவதும், செய்தித்தாள் வாங்கும் செலவைக்கூடக் குறைப்பதும் ஜார்ஜின் வழக்கமாயின. 1864இல் சிறிது இலாபம் தோன்றிற்று.

அவர்களை உயர்த்திய திருப்பம் 1866இல் நிகழ்ந்தது. கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதனால் பானத்தின்மேல் எண்ணெய் மிதக்கும். அக்குறையை மறைக்க அக்கால உற்பத்தியாளர் உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி மாவு, வெல்லப்பாகு போன்றவற்றைச் சேர்ப்பது வழக்கம். செங்கற்பொடி கலந்தோரும் உண்டு என அந்நாளைய ஆய்வுகள் காட்டின. காட்பரி நிறுவனமும் மாவு சேர்த்தே விற்று வந்தது. ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப்பொறி ஒன்றைக் கையாண்டு வந்தனர். ஜார்ஜ் ஹாலந்து சென்று அப்பொறியை வாங்கி வந்தார். மாவு கலவாத தூய கொக்கோ விற்பனைக்கு வந்தது. தூய்மை ஒன்றையே அவர்கள் விளம்பரமாக்கினர். மருத்துவர் அதனைப் பாராட்டினர். கலப்படத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1872, 1875ஆம் ஆண்டுகளில் நிறைவேறியபோது காலம் காட்பரியின் பக்கம் நின்றது.

பின்னாளில் தேயிலை வாணிகத்தையும் கைவிட்டுக் கொக்கோ ஒன்றிலேயே அவர்கள் முழுக்கவனம் செலுத்தினர். பல பொருள்களை அரைமனத்தோடு விற்பதினும் ஒரு பொருளைப் பொய்யின்றிச் செய்வது மேல் எனத் துணிந்தனர். ஒருமுகப்பட்ட உள்ளம் தந்த முதல் வெற்றி இதுவே.

1879இல் நகரின் புகையை விட்டு நான்கு மைல் தெற்கே, போர்ன் என்னும் ஓடைக்கரையில் புதிய தொழிற்சாலை எழுந்தது. அவ்விடத்திற்குப் போர்ன்வில் எனப் பெயரிட்டனர். விளையாட்டுத் திடல், தோட்டம், சமையற்கூடம், சனிக்கிழமை அரைநாள் விடுமுறை ஆகியவை தொழிலாளர்க்குக் கிடைத்தன. 1895 முதல் வீடுகள் எழுந்தன. 1900ஆம் ஆண்டில் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் ஜார்ஜ் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். தம் தொழிலாளர்க்கு மட்டுமின்றிப் பிறர்க்கும் அவ்வீடுகள் உரியனவாயின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், ஞாயிறுதோறும் காலையில், பர்மிங்காமின் செவர்ன் தெருவில் எழுத்தறியா உழைப்பாளருக்கு அவரே பாடம் சொன்னார். தொழில்முதல்வர் ஒருவர் கரும்பலகையின் முன் நின்றார் என்பது ஆசிரியராகிய நமக்கு உவகை தரும் செய்தி.

அந்த அன்பில் தந்தையின் அதிகாரமும் கலந்திருந்தது. மணமான பெண்கள் வேலையினின்றும் விலக வேண்டும் என்பது விதி. விடைபெறுவோர் கையில் ஒரு விவிலியமும் ஒரு மலரும் கொடுத்து அனுப்பினர். அக்காலத்தை இக்கால அளவுகோலால் மட்டும் அளத்தல் முறையன்றாயினும், உண்மையை மறைத்தலும் முறையன்று.

போர்ன்வில்லில் வந்திறங்கிய கொக்கோ மூட்டைகளில் ஏறக்குறைய பாதி ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில், நிலநடுக்கோட்டருகே கிடக்கும் சாவோ தோமே, பிரின்சிப்பே என்னும் போர்த்துக்கீசியத் தீவுகளில் விளைந்தவை. போர்த்துக்கீசியச் சட்டத்தில் அடிமைமுறை 1870களிலேயே ஒழிந்திருந்தது. ஆயினும் அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட மக்கள், ஐந்தாண்டு ஒப்பந்தம் என்னும் பெயரில், அத்தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியோரைக் காண்பது அரிதாயிற்று. பெயர் ஒப்பந்தம், வாழ்வு அடிமை வாழ்வு.

1901இல் ரிச்சர்டின் மைந்தர் வில்லியம் காட்பரி டிரினிடாட் சென்றிருந்தபோது இச்செய்தி அவர் செவிக்கு எட்டியது. அவ்வாண்டிலேயே, சாவோ தோமேயில் விற்பனைக்கு வந்த தோட்டமொன்றின் சொத்துப் பட்டியலில் நிலம், கட்டடம் ஆகியவற்றோடு இருநூறு கறுப்பினத் தொழிலாளரும் விலை குறிக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். மனிதர்க்கு விலை எழுதிய அந்தத் தாள் குவேக்கர் ஒருவரின் மேசைமேல் கிடந்தது. அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டோரின் முன்வரிசையில் நின்றதே குவேக்கர் சபையின் பெருமை என்பதை நினைந்தால் அவர் மனநிலை விளங்கும்.

வில்லியம் வாளா இருந்தாரல்லர். 1903இல் லிஸ்பன் சென்றார். தோட்ட முதலாளிகள் மறுத்தனர். புதிய சட்டம் வந்துவிட்டது என்றனர். 1905இல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் ஆராய்ந்துவர அனுப்பினர். பர்ட் முதலில் போர்த்துக்கீசிய மொழியைக் கற்றுப் பின்னரே தீவுகளுக்குச் சென்றார், 1907இல் திரும்பினார். அதற்குள் ஹென்றி நெவின்சன் என்னும் இதழாளர் அங்கோலாவில் நடந்து திரிந்து, தாம் கண்ட கொடுமையை 1906இலேயே நூலாக்கிவிட்டார். பர்ட்டின் அறிக்கையும் அதனையே உறுதி செய்தது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சோ, தான் போர்ச்சுகலோடு பேசுவதாகவும் பொறுத்திருக்குமாறும் கேட்டுக்கொண்டது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் போர்த்துக்கீசிய மொசாம்பிக்கிலிருந்து வந்த தொழிலாளரை நம்பியிருந்தமையால் லண்டன் அரசும் லிஸ்பனைப் பகைக்க விரும்பவில்லை. வாங்குவோராய் இருக்கும்வரைதான் தம் சொல்லுக்கு வலிமை உண்டு என்பது காட்பரி குடும்பத்தாரின் வாதம். வாதம் பொய்யன்று. ஆயினும் அவ்வாண்டுகளிலெல்லாம் கொக்கோ வந்துகொண்டே இருந்தது.

1908 செப்டம்பரில் லண்டனின் ஸ்டாண்டர்டு நாளிதழ் இக்குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. ஜார்ஜ் காட்பரிக்கு உரிமையான டெய்லி நியூஸ் ஏடு, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பட்ட துன்பத்தைக் கண்டித்த ஏடு. பிறர் அடிமைகளைக் கண்டோர் தம் அடிமைகளைக் காணாரோ என்பது ஸ்டாண்டர்டின் ஏளனம். காட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. அதற்கிடையே வில்லியம் பர்ட்டுடன் தாமே தீவுகளுக்குச் சென்று வந்தார். 1909 மார்ச்சில், காட்பரி, பிரை, ரவுண்ட்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் அத்தீவுகளின் கொக்கோவை இனி வாங்குவதில்லை என அறிவித்தன.

வழக்கு 1909ஆம் ஆண்டின் இறுதியில் பர்மிங்காமிலேயே நடந்தது. எதிர்த்தரப்பில் நின்ற எட்வர்ட் கார்சன் பெயர் பெற்ற வழக்கறிஞர். 1901 முதல் 1908 வரை இந்தக் கொக்கோவுக்காக எத்தனை அடிமைகள் உயிர் நீத்தனர் எனக் கணக்குப் பார்த்தீரா என்று அவர் வில்லியத்தை வினவினார். வில்லியத்திடம் அதற்கு இல்லை என்னும் விடையே இருந்தது. நடுவர் குழு காட்பரி நிறுவனத்திற்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அது விதித்த இழப்பீடு ஒரு பார்திங்! பென்னியில் கால் பங்கு அது. அன்றைய இங்கிலாந்தின் மிகச் சிறிய காசுகளுள் ஒன்று. சட்டம் வென்றது. ஆயினும் அந்தக் கால்பென்னி பேசிய சொல்லை ஊர் முழுதும் கேட்டது.

இவ்வரலாற்றைப் படித்து அக்குடும்பத்தைப் பொய்யர் எனத் தள்ளுதல் எளிது. தூயோர் எனப் போற்றுதலும் எளிது. இரண்டும் பொருந்தா. அறிந்தபின் ஆராய்ந்தனர், செலவிட்டு ஆளனுப்பினர், இறுதியில் விலகினர். அன்று அவ்வளவும் செய்தோர் சிலரே. எனினும் எட்டு ஆண்டுகள் கடந்தன. கலப்படம் தம் ஆலைக்குள் நிகழ்ந்தபோது அவர்கள் அதனைத் துணிந்து நீக்கினர். கொடுமை கடல் கடந்து நிகழ்ந்தபோது அதே கை தயங்கிற்று. கண்ணெதிரே நின்ற தொழிலாளிக்கு வீடும் தோட்டமும் அளித்த அன்பு, காணாத தொழிலாளியைச் சென்றடையக் காலம் பிடித்தது.

இந்நாட்டுத் தமிழராகிய நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றுவதில்லை. நம் முன்னோர் பலர் சஞ்சிக்கூலிகளாய்க் கப்பலேறி வந்தவர்கள். அங்கோலா மக்கள் பட்ட பாடும் இவர்கள் பட்ட பாடும் ஒன்றல்ல. எனினும் தாளில் ஒப்பந்தமும் தோட்டத்தில் வேறு வாழ்வும் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மலாயாவில் இந்தியர்க்கான அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. பர்மிங்காம் தீர்ப்புக்கு மறு ஆண்டு அது. தோட்டத்து விளைச்சலைத் தொலைநாட்டில் விற்றோர் பலருக்கு நம் பாட்டன் பாட்டியரின் முகம் தெரிந்திராது. அவர்களைக் காண முயன்ற வணிகர் ஒருவரேனும் இருந்திருப்பின் எத்துணை நன்று என எண்ணத் தோன்றுகிறது.

காட்பரி நிறுவனம் பின்னர்க் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவை நாடிற்று. அங்கே சிறு உழவர்கள் தம் சொந்த நிலத்தில் கொக்கோ பயிரிட்டு வந்தனர். 1922இல் ஜார்ஜ் மறைந்தார். 2010இல் நிறுவனமே அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. அவர் நிறுவிய போர்ன்வில் அறக்கட்டளை மட்டும் இன்றும் நிலைத்து நிற்கிறது. ஈட்டியது கைமாறிற்று, ஈந்தது நின்றது.

சமய நம்பிக்கையுடன் தொழில் நடத்துவோர்க்கு இவ்வரலாறு கூறும் பாடம் ஒன்றே. உள்ளம் ஒருமுகப்படுதல் வேண்டும். ஆனால் அந்நோக்கு ஆலையின் வாயிலோடு நின்றுவிடலாகாது. விதை முளைத்த மண்ணிலிருந்து, பானம் நிறைந்த கோப்பை வரையில், பொருள் செல்லும் வழி முழுவதையும் அது தொடர்ந்து செல்லல் வேண்டும். நம் மாணவருள் நாளை வணிகராவோர் பலர் இருப்பர். கணக்கேட்டைப் படிக்கக் கற்பிக்கும் நாம், அதில் எழுதப்படாத மனிதரைத் தேடவும் அவர்க்குக் கற்பிப்போமாக.