நிலச் சட்டத்தின் சொற்களும் நம் தோட்டப் பள்ளிகளும்



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வரலாற்றுப் பாடத்திற்கான துணைக்குறிப்புகள் ஆகியவற்றையே இப்பக்கத்தில் பெரும்பாலும் எழுதி வருகிறேன். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வறட்சியாகத் தோன்றலாம். நகரத் திட்டமிடலிலும் நில அலுவலகத்திலும் வழங்கும் சில சொற்களுக்குச் சட்டம் என்ன பொருள் கூறுகிறது, அப்பொருள் எவ்வாறு உருவாயிற்று என்பதே அது. சொல்லுக்குப் பொருள் காண்பது தமிழாசிரியருக்குப் புதிய வேலை அன்று. ஆனால் அகராதியில் பொருள் மாறினால் ஒரு வாக்கியம் மாறும். நிலப்பட்டாவில் பொருள் மாறினால் ஒரு பள்ளிக்கூடமே இடம் மாறும். அதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

ஊரின் பெயரிலிருந்து தொடங்குவோம்

நம் சிம்பாங் ரெங்கம் என்னும் பெயரே ஒரு நிலக் குறிப்புத்தான். மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சந்திப்பு. நாட்டின் முதலாம் கூட்டரசு நெடுஞ்சாலையிலிருந்து ரெங்கத்திற்குச் செல்லும் சாலை பிரியும் இடம் இது. ரெங்கம் இரயில் பாதையில் அமைந்த ஊர். ஜொகூரை ஊடறுத்துச் செல்லும் அப்பாதை 1909-ஆம் ஆண்டு நிறைவுற்றது. பாதை வந்த பிறகு இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு தமிழரும், தமிழரோடு பள்ளிகளும் வந்தன.

அதற்கு முந்தைய ஜொகூரில் நிலத்தை அளந்தது ஆறு. 1840-களிலிருந்து, மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஓர் ஆற்றின் கரையோரப் பகுதியைத் திறந்து பயிரிடும் உரிமையை அப்பத்திரம் அளித்தது. அத்தலைவர் 'காங்சூ' என்றும், அவருடைய குடியிருப்பு 'காங்கார்' என்றும் அழைக்கப்பட்டன. இன்றும் ஜொகூரில் காங்கார் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் உண்டு. 1910-ஆம் ஆண்டின் ஜொகூர் நிலச் சட்டம், அளந்து எண்ணிட்ட மனைக்குப் பட்டா வழங்கும் முறையை நிலைப்படுத்தியது. 1917-இல் காங்சூ உரிமைகள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. ஆற்றால் அறியப்பட்ட நிலம், அதன் பின்னர் எண்ணாலும் நிபந்தனையாலும் அறியப்படலாயிற்று.

மூன்று வகுப்பு, மூன்று வகை

1965-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம், தீபகற்ப மாநிலங்களின் வெவ்வேறு நிலச் சட்டங்களை ஒன்றாக்கியது. அது நிலத்தை இரண்டு விதமாகப் பிரிக்கிறது.

முதலாவது வகுப்பு: நகர நிலம், கிராம நிலம், நாட்டுப்புற நிலம். ஓர் இடம் நகரமா என்பதைக் கடைகளின் எண்ணிக்கையையோ மக்கள் தொகையையோ பார்த்து நாமாகச் சொல்லிவிட முடியாது. மாநில அரசு அரசிதழில் 'நகரம்' என்று அறிவித்த எல்லைக்குள் இருப்பதே சட்டப்படி நகர நிலம். எல்லைக் கல்லுக்கு அப்பால் இருக்கும் வீடு, நம் கண்ணுக்கு நகர வீடாகத் தோன்றினாலும், நாட்டுப்புற நிலத்தில் நிற்கக்கூடும்.

இரண்டாவது வகை: விவசாயம், கட்டடம், தொழில்துறை. நிலப்பட்டாவில் 'பெர்தானியான்' என்றோ 'பங்குனான்' என்றோ அச்சிட்டிருப்பதைப் பெற்றோர் பலர் பார்த்திருப்பீர்கள். அதனுடன் 'ஷாராட் ஞாத்தா' என்னும் வெளிப்படை நிபந்தனையும் இருக்கும். இன்ன பயிருக்கு மட்டும், ஒரு குடியிருப்பு வீட்டிற்கு மட்டும் என்றெல்லாம் அது பயன்பாட்டை மேலும் குறுக்கும்.

இம்மூன்று வகைகளில் பள்ளி என்று தனி வகை இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் செம்பனைக்கும் இரப்பருக்கும் நடுவில் நிற்கும் தோட்டப் பள்ளி எந்த வகையைச் சேரும்?

உட்பிரிவில் குடியிருக்கும் பள்ளி

விடை அச்சட்டத்தின் 115-ஆம் பிரிவில் உள்ளது. விவசாய நிலத்தில் பொதுவாகக் கட்டடம் எழுப்பலாகாது; சில நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்கிறது அப்பிரிவு. நிலவுடைமையாளரும் அவருடைய வேலையாட்களும் வாழும் வீடு, விவசாயத்திற்கான கட்டடம், விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலை என்று நீளும் பட்டியலில், அங்கு உழைப்போருக்கான கல்வி, மருத்துவம், துப்புரவு முதலிய நல வசதிகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

தோட்டத்து லயமும், மருந்தகமும், பள்ளிக்கூடமும் சட்டத்தின் கண்ணில் நின்ற இடம் இதுவே. பால்மரத்திற்குத் துணையாக ஆலை இருப்பது போல், உழைப்பாளிக்குத் துணையாகப் பள்ளி இருந்தது. 'உழைப்போருக்கான' என்னும் சொல்லைச் சற்று அழுத்தி வாசிக்க வேண்டும். பள்ளியின் உரிமை பிள்ளையின் வழியாக வரவில்லை. பிள்ளையுடைய பெற்றோரின் வேலை வழியாக வந்தது.

இக்கருத்துக்கு வேர் இன்னும் பழையது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளி மீது சுமத்தியது. ஏழு முதல் பதினான்கு வரை என்பதே அன்றைய பள்ளி வயதின் வரையறை. கல்விச் சட்டத்தில் பிறக்க வேண்டிய பள்ளி, தொழிலாளர் சட்டத்தில் பிறந்தது. தோட்டங்கள் பலவற்றில் கொட்டகையே வகுப்பறை ஆயிற்று. எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியர் ஆனார்.

இந்த வரையறையைக் குறை மட்டும் கூறிவிடலாகாது. பத்துப் பிள்ளைகள் என்ற எண்ணும், 115-ஆம் பிரிவின் விலக்கும் இல்லாதிருந்தால் நம் பள்ளிகளுள் பல எழுந்தே இருக்கா. இன்று நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு அவையும் காரணம். ஆயினும் தாங்கிப் பிடித்த அந்தச் சொல்லே பிற்காலத்தில் பள்ளியின் பலவீனமும் ஆயிற்று. பிள்ளைகளின் பெற்றோர் தொழிற்சாலைக்கும் நகரத்துக் கடைகளுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, தோட்டப் பள்ளியின் வாழ்வு ஒரு திசையிலும் அதன் சட்ட விளக்கம் வேறு திசையிலும் சென்றன.

'தோட்டம்' என்றால் எவ்வளவு?

1950-களில் ஐரோப்பிய முதலாளிமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக விற்றனர். இத்துண்டாடலால் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி கண்டார்.

நிலச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவும் இப்பட்டறிவின் விளைவே. தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமாயின் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும் என்கிறது அது. அதற்குத் 'தோட்ட நிலம்' எது என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. ஒன்றோ பலவோ பட்டாக்களில் அடங்கி, ஒன்றையொன்று தொட்டுக் கிடந்து, மொத்தம் 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலமே தோட்ட நிலம். ஏறத்தாழ நூறு ஏக்கர். நாம் பிறந்து வளர்ந்த இடத்தைத் தோட்டம் என்று நாம் அழைப்பது பழக்கத்தால். சட்டம் அழைப்பது பரப்பளவால். 39 ஹெக்டேரில் எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் இப்பிரிவின் காவல் அதற்குக் கிட்டாது.

'மேம்பாடு' என்னும் பெரிய சொல்

நகர்ப்புறத் திட்டமிடல் நம் நாட்டில் 1921-இல் சார்ல்ஸ் ரீட் என்பவர் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு நகரத் திட்ட அதிகாரியாக வந்ததோடு துறை வடிவம் பெற்றது. இன்று நம்மை ஆள்வது 1976-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம்; 172-ஆம் சட்டம் என்றும் கூறுவர். அதில் 'மேம்பாடு' என்பது கட்டடம் எழுப்புவதை மட்டும் குறிக்கவில்லை. நிலத்திலோ கட்டடத்திலோ பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும், நிலத்தைப் பிரிப்பதும், இணைப்பதும் மேம்பாடே. ஒரு செங்கல்லும் வைக்காமல் ஒரு வீட்டைக் கிடங்காக மாற்றினால் அதுவும் மேம்பாடு ஆகக்கூடும். அதற்குத் திட்ட அனுமதி தேவைப்படும்.

சொல்லின் வரையறை எவ்வளவு தூரம் வீட்டுக்குள் நுழையும் என்பதற்கு அமெரிக்க நாட்டு வழக்கு ஒன்று நல்ல சான்று. ஒஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் கிளீவ்லாந்து நகரில், ஒரு வீட்டில் ஒரு 'குடும்பம்' மட்டுமே வாழலாம் என்பது மண்டல விதி. இனெஸ் மூர் என்னும் மூதாட்டி தம் மகனுடனும் இரு பேரன்களுடனும் வாழ்ந்தார். பேரன்கள் இருவரும் உடன்பிறந்தோர் அல்லர். பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் தாயை இழந்து பாட்டியிடம் வந்தவன். விதியின் வரையறைப்படி அவர்கள் ஒரே குடும்பம் ஆகார் என்று கூறி, பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் தண்டமும் விதித்தனர். 1977-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. பாட்டி வீட்டில் வளர்ந்த நம்மவர் எத்தனை பேர்! குடும்பம் என்பதற்கு நகர மன்றம் எழுதிய ஒரு வரி, பேரனை வளர்த்தவரைக் குற்றவாளி ஆக்கிற்று.

வகை மாறும்போது

இனி நம் பள்ளிக்கு வருவோம். தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புக்காக நிலத்தின் வகை விவசாயத்திலிருந்து கட்டடமாக மாற்றப்படுகிறது. அதனால் மறுநாளே பள்ளி மூடப்படும் என்பதில்லை. ஆயினும் உழைப்போர் நலனுக்கென அளிக்கப்பட்ட விலக்கு அந்நிலத்தில் பொருளிழந்து போகிறது. பள்ளி இனி எந்த மனையில், எவர் பெயரில், என்ன நிபந்தனையில் நிற்கும் என்பதைப் புதிதாக எழுதியாக வேண்டும். அதை எழுதும் வேளையில் பள்ளியின் சார்பில் பேச எவரும் இல்லையெனில், பிறர் எழுதியதே நிலைக்கும்.

நிலம் தனியாருக்குரியதாக இருக்கும்வரை பள்ளி விருந்தாளியே. அரசு அந்நிலத்தைப் பெற்று, 62-ஆம் பிரிவின் கீழ்ப் பள்ளிக்கான ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் அறிவித்துவிட்டால் நிலைமை வேறு. அந்த ஒதுக்கீட்டை நீக்க வேண்டுமாயின் அதனை முன்னரே அறிவித்து விசாரணை நடத்த வேண்டும் என்று 64-ஆம் பிரிவு கூறுகிறது. ஓசையின்றி நிலம் கைமாறிப் போகாது. பள்ளிக்கு அடிக்கல் நாட்டும் விழாவைவிட அரசிதழின் அந்த ஒரு வரியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். நம் பள்ளி நிற்கும் மனையின் எண் யாது? பட்டா எவர் பெயரில் உள்ளது? நிலத்தின் வகை என்ன, வெளிப்படை நிபந்தனை என்ன? மாவட்ட உள்ளூர்த் திட்டமான 'ரஞ்சாஙான் தெம்பாத்தான்' வரைபடத்தில் அவ்விடம் 'நிறுவனம், சமூக வசதி' என்று காட்டப்பட்டுள்ளதா, அல்லது இன்னும் விவசாயமாகவே உள்ளதா? அவ்வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; மறுப்பையும் கருத்தையும் எழுத்து மூலம் அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

வரைபடத்தின் வண்ணம் நம்மைத் தொடாது என்று எண்ணிவிட வேண்டாம். 2019 சூலையில் சுங்கை பெனுட் ஆற்றில் அம்மோனியா கலந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது, இவ்வட்டாரக் குழாய்கள் வறண்டன. குப்பை கொட்டும் இடத்திலிருந்து கசிந்த நீரைப் பற்றியே அன்று எங்கும் பேச்சு. எந்த நிலம் எதற்கு அடுத்து இருக்கலாம், இடையே 'ஸோன் பெனாம்பான்' என்னும் காப்பு இடைவெளி எவ்வளவு வேண்டும் என்பவை வெறும் அலுவலகச் சொற்கள் அல்ல என்பதை ஊரார் அனைவரும் உணர்ந்த நாள்கள் அவை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நான்காம் ஆண்டு வரலாற்று வகுப்பில், பள்ளியின் வரலாற்றைத் தலைமையாசிரியர்களின் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளி நின்ற நிலங்களின் வரலாற்றையும் மாணவர் திரட்டட்டும். நகரத்திற்கு இடம்பெயர்ந்த பின்னும் பெயரில் 'லாடாங்' என்னும் சொல்லைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் பல. அந்தச் சொல் அங்கே ஏன் இருக்கிறது என்று பிள்ளை கேட்டால், நூறாண்டு வரலாற்றை அந்த ஒரு சொல்லிலிருந்தே விளக்கிவிடலாம்.

சொல்லின் பொருளை அறிந்தவரே அச்சொல் மாற்றி எழுதப்படும் இடத்தில் வாய் திறந்து பேச முடியும். உங்கள் பள்ளியின் நில விவரத்தை அறிந்தவர்கள் அதனை எழுதிப் பாதுகாத்து வையுங்கள். அடுத்து வருவோருக்கு அது பயன்படும்.