காத்திவாக்கம் மாடியில் காய்கறி: உப்புத் தண்ணீர், சாம்பல் தூசிக்கு நடுவே எந்தப் பட்டத்தில் எதைப் போடலாம்?

சென்னையில் மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு வெயிலும் எலியும்தான் பெரிய கவலை. காத்திவாக்கத்தில் கதை வேறு. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே எண்ணூர் முகத்துவாரம். சுற்றிலும் அனல்மின் நிலையம், உரம், பெட்ரோலியம், துறைமுகம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த இந்தப் பகுதியில், "நம்ம வீட்டுக் கத்தரிக்காயைச் சாப்பிடலாமா, வேணாமா?" என்பதே முதல் கேள்வி.

சாப்பிடலாம். ஆனால் எந்த மண், எந்தத் தண்ணீர், எந்தக் காய் என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

தரையில் நடுவதில் என்ன சிக்கல்?

1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இயங்குகின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம் போன்றவை சிறிய அளவில் இருக்கும். சாம்பல் படிந்த மண்ணில் வருஷக்கணக்கில் பயிர் வைத்தால், அவை வேர் வழியாகச் செடிக்குள் போகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் பகுதியில் பரவியது. அந்தத் தண்ணீர் நின்ற கொல்லையில், மண்ணைப் பரிசோதிக்காமல் எதையும் நடாமல் இருப்பதே நல்லது.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இலைமேல் படிந்த தூசி கழுவினால் போய்விடும். வேர் உறிஞ்சியதை எத்தனை முறை கழுவினாலும் எடுக்க முடியாது. பொதுவாகக் கீரையிலும் கிழங்கிலும் உலோகங்கள் அதிகம் சேரும். தக்காளி, வெண்டை, கத்தரி போன்ற காய்களில் குறைவு. அதனால் தரை மண் மேல் சந்தேகம் இருந்தால் கீரையையும் முள்ளங்கியையும் முதலில் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

மாடிக்கு வெளியூர் செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் கலந்த பை போதும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் சேர்ந்தே வரும். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

போர் தண்ணீர் ஊத்தலாமா?

மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது பல பத்தாண்டு காலப் பிரச்சினை. கடலோரத்து போர்களிலும் உப்பு ஏறியிருக்கும். வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் பாருங்கள். 450-க்குள் இருந்தால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். 2,000-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். இடையில் இருந்தால் மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ கலந்துகொள்ளலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதற்கு நேர் எதிர், அதைச் செடிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இலை ஓரம் கருகுவதும், பை மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பதும் உப்பின் அடையாளம். நல்ல தண்ணீரை அடிவழியாக வடியும்வரை ஊற்றினால் கொஞ்சம் இறங்கும்.

உப்பைத் தாங்குவதில் எல்லாச் செடியும் ஒன்றல்ல. பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி சீக்கிரம் வாடிவிடும். தக்காளி ஓரளவு சமாளிக்கும். பீட்ரூட், காராமணி, கொத்தவரை நன்றாகவே தாங்கும். காத்திவாக்கத்தில் முதல்முறை தோட்டம் போடுபவர் கொத்தவரையில் தொடங்கினால் ஏமாற மாட்டார்.

எந்த மாசத்தில் எது?

ஆடிப்பட்டம் (ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை) கத்தரி, மிளகாய், வெண்டை, அவரைக்கு. வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கத்தரிக்குப் பொறுமை வேண்டும், நாற்று நட்டு இரண்டு மாதம் ஆகும். இங்கே கத்தரி என்றால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான். பிஞ்சுக் காயாகப் பறித்து, புளி கொதித்த பிறகு போட்டால் குழையாது. கருவாடு கழுவிய தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அது முழுக்க உப்பு.

ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக விதைப்பதைத் தள்ளிப்போடலாம். அடைமழையில் கீரை அழுகும். புயல் எச்சரிக்கை வந்தால் பந்தலைப் பிரித்து, பைகளைக் கைப்பிடிச் சுவரோரம் தரையில் நெருக்கி வைக்க வேண்டும். சுவர் மேல் வைத்த தொட்டி காற்றில் கீழே போகிறவர் தலையில் விழலாம். இந்த மழையைப் பிடித்து வைத்தால், அதைவிட நல்ல தண்ணீர் வருஷம் முழுக்கக் கிடைக்காது.

மார்கழி, தை மாதங்கள்தான் இங்கே தோட்டத்துக்குச் சுகமான காலம். நல்ல தண்ணீர் கைவசம் இருந்தால் முள்ளங்கி, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் வரும். கீரை 25 நாளில் அறுவடை. பறித்ததை மண்டி இறங்கும்வரை மூன்று நான்கு தண்ணீரில் அலசி, பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு மசியல் பண்ணலாம்.

தைப்பட்டத்தில் சுரை, பீர்க்கை, காராமணி, கொத்தவரை. பீர்க்கங்காயோ சுரைக்காயோ, காசிமேட்டு இறால் கொஞ்சம் சேர்ந்தால் அன்றைக்கு வேறு குழம்பு தேவையில்லை. காயே தண்ணீர் விடும், தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மே 4-ல் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது பசுமை வலை கட்டி, காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் காட்ட வேண்டும். கடல் பக்கம் ஒரு வலைத் தடுப்பு இருந்தால் உப்புக் காற்றும் குறையும். மிஞ்சிய கொத்தவரையை மோரில் உப்பு போட்டு வேகவைத்து அந்த வெயிலிலேயே வற்றல் போடலாம். ஆனால் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடித்தான் காயவைக்க வேண்டும். சாயங்காலம் அந்தத் துணியைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கருப்பு ஒட்டினால், மறுநாள் முதல் வற்றல் தட்டு வீட்டுக்குள் ஜன்னலோரம் இருக்கட்டும்.